இறா உரிக்கிற கையும் ரேகை மிஷினும்

எங்க எதிர் வீட்டு அக்கா காசிமேடு பக்கம் ஒரு கம்பெனில இறா உரிக்கிறாங்க. போன வருஷம் அங்க வருகை நோட்ட எடுத்துட்டு கைரேகை மிஷின் மாட்டிட்டாங்க. காலைல லைன்ல நின்னு கட்டை விரல வச்சா சிவப்பு லைட்டு, முந்தானைல தொடச்சிட்டு வச்சாலும் சிவப்பு, தலைமுடில தேய்ச்சு எண்ணெய் ஒட்ட வச்சு வச்சாலும் அதே சிவப்பு. "அப்பால வாக்கா"ன்னு சூப்பர்வைசர் தள்ளி நிக்க வச்சிடுவாரு, லேட்டுன்னு அரை நாள் கூலி போயிடும். மிஷின் ரிப்பேர்னு சொல்லவும் முடியல, மேனேஜர் விரல வச்சா டக்குனு பச்சை எரியுதே.

மிஷினுக்குள்ள நடக்குறது இதான். கண்ணாடிக்கு கீழ இருந்து லைட் அடிக்கும், ரேகையோட மேடு கண்ணாடிய தொடுற எடத்துல வெளிச்சம் சரியா திரும்பாது, அது கருப்பா தெரியும், பள்ளத்துல காத்து இருக்குறதால வெளிச்சம் அப்டியே திரும்பி வந்து வெள்ளையா தெரியும். அப்புறம் கோடு எங்க முடியுது, எங்க ரெண்டா பிரியுதுன்னு குறிச்சுக்கும், பேசின் பிரிட்ஜ்ல தண்டவாளம் பிரியுமே அந்த மாதிரி. மொத்தப் படத்தையும் ஒப்பிடாம பெரும்பாலும் இந்தப் புள்ளிங்களத்தான் ஒப்பிடும்.

இப்ப அக்கா கைய பாருங்க. நாள் பூரா ஐஸ் தண்ணி, ஓட்டு முள்ளு கீறல், போதாததுக்கு இறா வயித்துல இருக்குற செரிமான நொதி வேற, அது புரதத்த அரிக்கிற சாமான், நம்ம தோலும் புரதம்தானே. மேடு தேஞ்சு போச்சுன்னா கண்ணாடில ஒட்டாது, கோடு விட்டு விட்டு விழும். ஒவ்வொரு கீறலும் ஒரு கோட்ட பாதில வெட்டுறதால இல்லாத புள்ளியெல்லாம் முளைக்கும். கை ஈரமா இருந்தா பள்ளத்துலயும் தண்ணி நிக்கும், மொத்த விரலும் ஒரே கருப்பு அப்பல்.

எத்தன புள்ளி பொருந்தினா ஆள் இவங்கதான்னு ஒத்துக்கணும்? அந்த எல்லைய செட் பண்றவங்கதான் முடிவு பண்றாங்க, அவங்க கை பெரும்பாலும் கீபோர்டு தட்டுற கை. எல்லைய ஏத்துனா ஆள்மாறாட்டம் குறையும், கூடவே நெசமான ஆளும் வெளிய நிப்பாங்க. வேடிக்கை என்னன்னா, 1858ல வங்காளத்துல வில்லியம் ஹெர்ஷல்ங்குற வெள்ளக்கார அதிகாரி மொதல்ல கைய பதிய வச்சதே ரோடு போடுற சரக்கு சப்ளை பண்ண வந்த ஒருத்தர்கிட்டதான், அதுவும் ஒரு வேலை ஒப்பந்தத்துல!

கம்பெனியோட முடிஞ்சா பரவால்ல. ரேஷன்லயும் ரேகை, 2021ல வந்த இ-ஷ்ரம்ல பதியப் போனா ஆதாரோட போன் நம்பர் சேக்காதவங்களுக்கு அங்கயும் ரேகை. முறைசாரா தொழிலாளிங்களுக்குன்னே வந்த பதிவுங்க அது.

ரேகை நெரந்தரமா அழியிறதும் இல்ல. அதோட அச்சு உள்தோல்ல இருக்கு, மேல்தோல் ஒரு மாசம் சொச்சத்துல புதுசாகும்போது மேடும் திரும்ப வந்துடும். ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு போகாது, கடல் இறாவும் வராது, அக்காவும் வீட்ல. ஜூன் மாசம் ரேஷன் கடைல மொத தடவையே பச்சை எரிஞ்சுது, "இன்னாமா இன்னிக்கு அதிசயமா"ன்னு கடைக்காரரே கேட்டாரு.

ஆதார்ல 10 விரலும் ரெண்டு கருவிழியும் பதிவு பண்றாங்க, அதனால ரேகை விழலன்னா கண்ண காட்டலாம், மிஷின் இருந்தா. கம்பெனில அவ்ளோ செலவு பண்ண மாட்டாங்க. அக்கா சண்ட போட்டு இடது கை மோதிர விரல பதிய வச்சிருக்காங்க, உரிக்கும்போது அதுக்கு வேலை கம்மி. மழ நாள்ல மட்டும் ரெண்டு மூணு தடவ வைக்கணும்.