பிளக் பொருந்திவிட்டது என்பதால் ஆம்பை ஆன் செய்யாதீர்கள்

சமீபத்தில் ஒரு டியூப் கிட்டார் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) ரிப்பேருக்கு வந்தது. பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று பளிச்சென்று போட்டிருக்கிறது. வாங்கியவர் ஒரு பிளக் அடாப்டரை மாட்டி 230 வோல்ட்டில் செருகியிருக்கிறார். உடனே பியூஸ் போயிருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் ஆம்ப் பிழைத்திருக்கும், ஆனால் இன்னும் பெரிய பியூஸாகப் போட்டு மறுபடி ஆன் செய்துவிட்டார். திறந்து பார்த்தால் டிரான்ஸ்பார்மரின் ஓரத்தில் வார்னிஷ் உருகித் தேன் மாதிரி வழிந்து உறைந்திருந்தது.

அடாப்டர் மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டும்தான், வோல்டேஜை அல்ல. டிரான்ஸ்பார்மரின் 120 வோல்ட் வைண்டிங்குக்கு (கம்பிச் சுருளுக்கு) 230 கொடுத்தால் அதன் இரும்புக் கோர் தாங்காமல் கரண்ட் எக்கச்சக்கமாக ஏறும், 6.3 வோல்ட் கேட்கும் டியூப் ஹீட்டருக்கு ஏறக்குறைய 12 வோல்ட் போகும்.

ஆம்பை 230-க்கு மாற்ற முடியுமா என்று கேட்டால், அதற்குப் பதில் டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கிறது. சில ஆம்ப்களில் 120 வோல்ட் பிரைமரி வைண்டிங் (மெயின்ஸ் வந்து சேரும் சுருள்) இரண்டு இருக்கும். அவற்றை பேரலலாக இணைத்தால் 120, சீரிஸில் இணைத்தால் 240. சிலவற்றில் 100, 120, 230 என்று தனித்தனி வயர்கள் வெளியே வந்து, பயன்படாதவை டேப் சுற்றிக் கிடக்கும். எது எது என்பதற்கு அந்த மாடலின் சர்க்யூட் படத்தை மட்டும் நம்புங்கள். வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீரிஸில் இணைக்கும்போது ஒரு வைண்டிங்கின் முனைகள் தலைகீழாகிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து, கிட்டத்தட்ட ஷார்ட் ஆன மாதிரி கரண்ட் இழுக்கும். அதனால் முதல் தடவை நேராக மெயின்ஸில் போடாமல், டியூப்களைக் கழற்றிவிட்டு, 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் வைத்து ஆன் செய்வேன் (எல்இடி பல்பு இதற்கு உதவாது). பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

அப்புறம் பியூஸ். இப்படிச் சரியாக மாற்றிய ஆம்பில் வோல்டேஜ் இரண்டு மடங்கானால் அது இழுக்கும் கரண்ட் பாதியாகும், ஆகவே 120-ல் 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ (மெதுவாக உருகும் பியூஸ்) இருந்த இடத்தில் அதே வகையில் 1 ஆம்பியர் போட வேண்டும். பின்னால் வோல்டேஜ் செலக்டர் உள்ள ஆம்பிலும் சுவிட்சைத் திருப்புபவர்கள் பியூஸை மறந்துவிடுகிறார்கள்.

ஒரே ஒரு 120 வோல்ட் பிரைமரிதான் இருக்கிறது என்றால் டிரான்ஸ்பார்மரையே மாற்றலாம், இல்லையென்றால் வெளியில் ஒரு ஸ்டெப் டவுன் (வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர்) வைக்கலாம். ஆம்பின் தகட்டில் 180 வாட் என்றிருந்தால் நான் 300 விஏ-வுக்கு (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவு) குறையாமல் வைப்பேன். இஸ்திரிப் பெட்டிக்கும் ஹேர் டிரையருக்கும் விற்கும் லேசான பயணக் கன்வெர்ட்டர் வேண்டவே வேண்டாம், அது மின் அலையை வெட்டி வெட்டிக் கொடுக்கும். ஸ்டெப் டவுனின் எர்த் பின் உண்மையிலேயே ஆம்பின் சேசிஸ் (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) வரை தொடர்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். ஸ்டெப் டவுன் ஹெர்ட்ஸை மாற்றாது என்பதையும் கணக்கில் வையுங்கள். 60-க்கு மட்டும் சுற்றிய டிரான்ஸ்பார்மர் 50-ல் கூடுதலாகச் சுடும், உறுமும். ஜப்பானிய ஆம்ப் 100 வோல்ட், அதற்கு 120 தரும் ஸ்டெப் டவுன் பொருந்தாது.

இரண்டு பின் கார்டு உள்ள பழைய ஆம்ப்களைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். பலவற்றில் மெயின்ஸ் லைனிலிருந்து சேசிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் போகும். அது ஷார்ட் ஆனால் கிட்டாரின் கம்பியில் மெயின்ஸ் கரண்ட் நிற்கும், ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருந்தால் உயிர் போகலாம். அந்தக் கெப்பாசிட்டரை வெட்டி எடுத்துவிட்டு எர்த்துடன் மூன்று பின் கார்டு போடாமல் நான் எந்த ஆம்பையும் திருப்பித் தருவதில்லை.

இதையெல்லாம் வீட்டில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் ஆம்பின் பில்டர் கெப்பாசிட்டர்களில் 400, 500 வோல்ட் தேங்கியிருக்கலாம். அதை ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் திறக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் பழைய 120-ஐ அடித்துவிட்டு, புது வோல்டேஜையும் பியூஸ் அளவையும் தகட்டிலேயே அழியாத மையில் எழுதிவிடுவேன். அடுத்து வாங்குபவர் பார்க்கப்போவது அந்தத் தகட்டைத்தான்.