மீன் வடிவப் பெயர்ப்பலகையும் கண்ணில் ஏறிய துருவும்

எங்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் கண்ணில் இரும்புப் பிசிறோடு கண் டாக்டரான என்னிடம் வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். படகு மராமத்துக்கு எடுத்த கிரைண்டரும் வெல்டிங் மெஷினும் பக்கத்திலேயே கிடக்கும், பொழுதும் கிடக்கும். மிஞ்சிய தகட்டில் வீட்டுப் பெயர்ப்பலகை, மீன், நங்கூரம் என்று இறங்கிவிடுவார்கள். அழகாகவும் வருகிறது, அதைக் குறை சொல்லவில்லை.

பாம்பன் பக்கமிருந்து ஒருவர் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). மீன் உருவத்துக்குள் மகள் பெயரை வெட்டியிருக்கிறார். “சும்மா ரெண்டு வெட்டுதான் டாக்டர். கூலிங் கிளாஸ்கூடப் போட்டிருந்தேன்” என்றார். கருவிழியில் ஒரு துணுக்கு, சுற்றிலும் காவி நிறத்தில் துரு வளையம். பட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். நாம் பொறி என்று பார்ப்பது எரிந்துகொண்டே பறக்கிற இரும்பு. அது சூட்டோடு கருவிழியில் அப்பிக்கொள்ளும். கண்ணீரின் ஈரம் பட்டதும் துருப்பிடிக்கத் தொடங்கும். ஒரு நாளுக்குள் வளையம் விழுந்துவிடலாம். அன்றே வந்தால் மரத்துப்போகும் சொட்டு விட்டு ஊசி முனையால் எடுத்துவிடலாம். தாமதித்தால் துருவையும் சுரண்ட வேண்டும். கண்பாப்பாவுக்கு நேரே என்றால் தழும்பு பார்வையிலேயே நிற்கும்.

அந்த இரண்டு நாளில் நடந்ததுதான் எனக்கு ஆத்திரம். கூட்டாளி ஒருவர் பனியன் முனையால் துடைத்து எடுக்கப் பார்த்திருக்கிறார். அப்புறம் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், ஆள் நிம்மதியாக இருப்பார், உள்ளே பூஞ்சைப் புண் வளரலாம். இவருக்கு அப்படி ஆகவில்லை, தப்பித்தார்.

கூலிங் கிளாஸ் காவல் இல்லை. பக்கவாட்டும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும், அதற்கு மேல் முகக்கவசம் இருந்தால் நல்லது. கச்சான் காற்று அடிக்கும்போது திறந்த வெளியில் வெட்டினால் பொறி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பலருக்குப் பிசிறு விழுவது வேலை முடிந்த பிறகுதான். தலைமுடியிலும் புருவத்திலும் தங்கிய தூள், கண்ணாடியைக் கழற்றும்போதோ ராத்திரி படுக்கும்போதோ உள்ளே விழும். வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றுமுன் தலையைக் குனிந்து தட்டிவிடுங்கள், பிறகு முகம் கழுவுங்கள்.

உளியால் எழுத்து கொத்துகிறவர்களை நினைத்தால் எனக்குக் கூடுதல் பயம். சுத்தியல் அடியில் தெறிக்கிற துணுக்கு கண்ணைத் துளைத்து உள்ளேயே போய்விடலாம். வலி லேசாகவே இருக்கலாம், பார்வையும் தெளிவாக இருக்கலாம். கசக்காமல், அழுத்தாமல் உடனே வாருங்கள். உள்ளே இரும்பு இல்லை என்று உறுதியாகாமல் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கக் கூடாது, அதிலுள்ள காந்தம் துணுக்கை நகர்த்திவிடும்.

உப்புக் காற்றுக்குப் பயந்து எல்லாரும் வாங்குவது ஜி.ஐ. தகடு. அதன் மேல்பூச்சு துத்தநாகம். அது 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். ஆக, வெல்டிங் வைத்தாலே வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும், வாயில் உலோக ருசி தட்டும். ஓரிரு நாளில் போய்விடும் என்பதால் வைரஸ் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை. பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முதலில் நீக்குங்கள், புகை முகத்துக்கு வராத மாதிரி நில்லுங்கள். பூச்சை எடுக்க ஆசிட் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். முதலில் குழாயடியில் 20 நிமிடம் கழுவுங்கள், பிறகு வாருங்கள்.

வெல்டிங் வெளிச்சம் பட்ட கண் அன்று ராத்திரிதான் மணல் கொட்டியது போல் உறுத்தும். ஈரத் துணி போதும், விடிந்ததும் காட்டுங்கள். மரத்துப்போகும் சொட்டை வீட்டில் வைத்து விடவே கூடாது, அது கருவிழியை ஆறவிடாது.

பாம்பன்காரர் மறுபடி காட்ட வந்தபோது போனில் படம் காட்டினார். பலகை வாசலில் ஏறியிருந்தது. வெட்டிய ஓரத்தில் பூச்சு போய் அங்கேயும் காவி படியத் தொடங்கியிருந்தது. ஓரத்தை ராவி துத்தநாகப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். “கண்ணாடி வாங்கிட்டேன் டாக்டர்” என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினார். விலைச் சீட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.