தேர்ந்து தெளிதல்: ஒரு சொல் விளக்கம்

‘ஆண்டவரே, பகுத்தறிவின் ஆவியை எங்களுக்குத் தாரும்.’ ஜெபக் கூட்டங்களிலும், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த பிரசங்கங்களிலும் இந்த வேண்டுதல் ஓயாமல் காதில் விழுகிறது. ‘பகுத்தறியும் ஆவி’, ‘பகுத்தறிதலின் ஆவி’ என்றும் சொல்கிறார்கள். எல்லாமே ‘டிசர்ன்மென்ட்’ (discernment) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக வைக்கப்பட்டவை. எல்லாமே பிழை. வேதம் சொல்வதையே தலைகீழாக்கிவிடுகிற பிழை.

முதலில் வேர். இலத்தீனில் ‘டிஸ்’ பிரிவைக் குறிக்கும், ‘கெர்னெரே’ சலித்தெடுப்பது. கிரேக்கத்தில் ‘தியாக்ரிசிஸ்’, அதிலுள்ள ‘க்ரினோ’ பிரித்துத் தீர்ப்பது. எபிரெயத்தில் உணர்ந்தறிவதைச் சொல்லும் ‘பீன்’ என்ற வினையும், ‘இடையே’ என்று பொருள்படும் ‘பேன்’ என்ற சொல்லும் ஒரு குடும்பம். வடமொழி ‘விவேகம்’கூடப் பிரித்தலைச் சொல்லும் வேரிலிருந்து வந்ததே. கலந்து கிடப்பதைப் பிரித்தறிவது என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்பொருள்.

புதிய ஏற்பாட்டில் ‘தியாக்ரிசிஸ்’ மூன்றே இடங்களில் வருகிறது: ரோமர் 14:1, 1 கொரிந்தியர் 12:10, எபிரெயர் 5:14. ஆவியானவர் தரும் வரங்களின் பட்டியலில் வருவது இரண்டாவது இடம். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அதை ‘ஆவிகளைப் பகுத்தறிதல்’ என்கிறது. அந்த இரண்டாம் வேற்றுமை உருபைக் கவனியுங்கள். அங்கே ஆவிகள் செயப்படுபொருள், சோதிக்கப்படுபவை அவையே. ‘பகுத்தறியும் ஆவி’ என்று மாற்றியதும் ஆவி எழுவாயாகிவிடுகிறது. சோதிக்கப்பட வேண்டியது சோதிக்கும் இடத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது! எனக்குள் ஓர் ஆவி இருக்கிறது, அது பிறருடைய இரகசியங்களை எனக்குக் காட்டிக்கொடுக்கிறது என்ற எண்ணத்துக்கு இந்தச் சொல்லே வழி திறந்துவிடுகிறது. அப்படிச் சொல்பவரைச் சபை கேள்வி கேட்கவும் முடியாது; ஆவியே சொன்னது என்பார். பவுலோ நேர்மாறாகச் சொல்கிறார்: தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், ‘மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்’ (1 கொரிந்தியர் 14:29). அங்கே உள்ள வினையும் அதே குடும்பம்தான். பேசியவர் சொன்னதைக் கேட்டவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். சபைக்கு இடப்பட்ட கட்டளை அது.

அடுத்து, ‘பகுத்தறிவு’ என்ற பெயர்ச்சொல். ‘பகுத்தறி’ என்ற வினையோடு எனக்குச் சண்டை இல்லை. 1871-இன் பழைய மொழிபெயர்ப்பு அதை நன்றாகவே ஆண்டிருக்கிறது. ஆனால் சுயமரியாதை இயக்கம் வளர்ந்து, 1934-இல் ‘பகுத்தறிவு’ என்ற பெயரிலேயே இதழும் வந்தபின், தமிழர் காதில் ‘பகுத்தறிவு’ என்றால் ஒரே பொருள்தான்: நம்பிக்கையை அறிவால் உரசிப் பார்க்கும் கொள்கை. அந்தப் பொருள் அந்தச் சொல்லுக்கு நன்றாகவே பொருந்தி நிலைத்துவிட்டது. அதை மீட்டு எடுத்துவந்து ஆவிக்குரிய வரத்துக்குப் பெயராக்கினால் கேட்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். காரணம் இன்னொன்றும் உண்டு. பகுத்தறிவு சொல்லின் உள்ளடக்கத்தைத்தான் எடைபோடும். பிலிப்பி பட்டணத்தில் குறிசொல்லும் பெண் பவுலின் பின்னால் வந்து சொன்னது என்ன? இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர், இரட்சிப்பின் வழியை அறிவிக்கிறவர்கள் என்பதுதான் (அப்போஸ்தலர் 16:17). வரிக்கு வரி உண்மை. உள்ளடக்கத்தை மட்டும் பார்த்தால் அவள் தேறிவிடுவாள். பவுல் அநேக நாள் கேட்ட பிறகே அந்த ஆவியை அதட்டினார். சொன்னது சரியா என்பது ஒரு கேள்வி, அது எங்கிருந்து வருகிறது என்பது வேறு கேள்வி. உபாகமம் 13-ஆம் அதிகாரத்தின் தொடக்கமும் இதையே சொல்கிறது: அடையாளம் பலித்தாலும், அந்நிய தேவர்களிடம் இழுக்கிறவனுக்குச் செவிகொடுக்காதே.

கத்தோலிக்க வட்டாரத்தில் வழங்கும் ‘தெளிந்து தேர்தல்’ இதைவிட நல்ல சொல். ஆனால் வரிசை தவறிவிட்டது. தமிழில் தேர்தல் என்றால் முதலில் ஆராய்தல். தெளிதல் என்றால் ஆராய்ந்தபின் உறுதிகொள்ளுதல். குறளின் 51-ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. ‘தெளிந்து தெரிதல்’ அல்ல. 509-ஆம் குறள் வரிசையைக் கையில் பிடித்துக் கொடுக்கிறது: ‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்.’ தேறுதல் என்பது இங்கே தெளிந்து நம்புதல். தேராமல் தேறாதே, தேர்ந்தபின் தேறு. தெளிந்தாகிவிட்டால் அதற்குமேல் தேர என்ன இருக்கிறது?

இங்கே தேர்தல் என்றால் தெரிவுசெய்தல், இயேசு சபையை நிறுவிய இனிகோவின் (லொயோலா இக்னேஷியஸ்) ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் எல்லாம் ஒரு தெரிவில்தான் முடிகிறது என்று அவர்கள் பதில் சொல்லக்கூடும். அந்தப் பதிலை அந்த நூலே ஏற்காது. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அந்நூலில் தெரிவுசெய்தல் 169 முதல் 189 வரையுள்ள பத்தி எண்களில் தனியாக இருக்கிறது. ஆவிகளைத் தேரும் விதிகள் 313 முதல் 336 வரை வேறாக இருக்கின்றன. உள்ளத்தில் எழும் அசைவுகளை உணர்வது, ஓரளவு அறிவது, நல்லதை ஏற்றுத் தீயதைத் தள்ளுவது என்று 313-ஆம் எண்ணே வரிசை சொல்கிறது. 318-ஆம் எண் இன்னும் கறாரானது: உள்ளம் வறண்டு கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. அதாவது, எந்தத் தெரிவும் செய்யக்கூடாத நேரத்திலும் தேர்தல் நடந்தாக வேண்டும். 333-ஆம் எண் ஓர் எண்ணத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. தொடக்கம் பக்தியாக இருந்து, முடிவு முன்னிருந்த அமைதியைக் குலைத்தால், அது நல்ல ஆவியின் வேலை அல்ல. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். தொடக்கத்தை மட்டும் பார்த்து ‘கர்த்தர் பேசினார்’ என்று அறிவித்துவிடுகிறார்கள்.

ஆகவே ‘தேர்ந்து தெளிதல்’ என்பதே என் பரிந்துரை. இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. யாக்கோபு 1:5 ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்கிறது. அடுத்த வசனம் சந்தேகப்படாமல் கேட்கச் சொல்கிறது. அங்கே ‘சந்தேகப்படுதல்’ என்பதற்குக் கிரேக்கத்தில் நிற்பது தியாக்ரிசிஸ் பிறந்த அதே வினைதான். பிரித்துப் பார்த்தல் முடிவே இல்லாமல் உள்ளத்துக்குள் சுழன்றால் ஐயமாகிவிடும். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்ற 510-ஆம் குறள் மனிதரை நம்புவதைப் பற்றியது. ஆனாலும் தேராமல் தெளிவது, தெளிந்தபின் ஐயப்படுவது என்ற இரண்டு பள்ளங்களையும் ஒரே அடியில் காட்டிவிடுகிறது. ‘பகுத்தறிவு’ என்ற சொல்லில் இந்த இரண்டாம் எச்சரிக்கைக்கு இடமே இல்லை.

என் பெரிய மனக்குறை இன்றைய மொழிபெயர்ப்பாளர்மேல்தான். மூலத்தை விட்டு ஆங்கிலத்தைப் பார்க்கிறார்கள். அங்கே ஒரே சொல் இருப்பதால் இங்கேயும் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டுகிறார்கள். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இடம் பார்த்துச் சொல் எடுத்தார்கள். 1 யோவான் 4:1-இல் ‘சோதித்தறியுங்கள்’. அங்கே மூலத்தில் உலோகத்தை உரசிப் பார்க்கும் வினை. 1 கொரிந்தியர் 11:29-இல் கர்த்தருடைய சரீரம் இன்னதென்று ‘நிதானித்து அறியாததினால்’. நிதானித்தல் என்றால் அளந்து மதித்தல். இன்று அது வெறும் பொறுமையாகச் சுருங்கிவிட்டது. சாலொமோன் கேட்டது நன்மைதீமை இன்னதென்று ‘வகையறுக்க’ (1 இராஜாக்கள் 3:9). வகையறுத்தல்! எபிரெயத்தின் ‘இடையே’ என்ற பொருள் அப்படியே தமிழில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே வசனத்தில் ‘ஞானமுள்ள இருதயம்’ என்று இருப்பது மூலத்தில் ‘கேட்கிற இருதயம்’. அதைக் கேட்கிற இருதயமாகவே விட்டிருக்கலாம். தீர்ப்புச் சொல்லப் போகும் அரசன் முதலில் கேட்டது செவியை.

வரத்தைச் சொல்லும்போது ‘ஆவிகளைத் தேர்ந்து தெளிதல்’ என்று முழுமையாகச் சொல்லுங்கள். ‘ஆவிகளை’ என்பதை விட்டுவிடாதீர்கள். போதனையைச் சோதிக்கும் இடத்தில் ‘சோதித்தறிதல்’, சபையாய்க் கூடி எடைபோடும் இடத்தில் ‘நிதானித்தல்’, நன்மை தீமைக்கு ‘வகையறுத்தல்’. ‘விவேகம்’ இன்று சாமர்த்தியத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதை நீதிமொழிகளின் நடைமுறை அறிவுக்கு விட்டுவிடலாம். ‘உள்ளுணர்வு’ மட்டும் எந்த இடத்துக்கும் ஆகாது. எபிரெயர் 5:14 இந்த ஆற்றல் ‘பயிற்சியினால்’ வருகிறது என்கிறது. உள்ளுணர்வு என்ற சொல்லில் பயிற்சி இல்லை.