சுண்ணாம்புச் சுவருக்கு ஏன் சிமெண்டு ஒத்துவராது?

கடலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எங்கள் ஊர்ப் பழைய ஜெபக்கூடத்தில் ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் சிமெண்டு பூசினோம். பாளம் பாளமாகப் பெயர்கிறது. மற்ற பக்கத்துச் சுண்ணாம்புக் காரை அப்படியே நிற்கிறது. ஏன்?"

பள்ளிப் பாடத்திலிருந்தே தொடங்கலாம். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் சுமார் 900 டிகிரியில் வெந்தால் 100 கிலோவில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சரி, மணல் சேர்த்து அரைத்துப் பூசியாயிற்று. அப்புறம் நடப்பதுதான் எனக்கு அலுக்காத அதிசயம்.

காரை வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, காரையின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் கரைகிறது. அங்கே ஏற்கெனவே கரைந்திருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து மறுபடி கால்சியம் கார்பனேட் படிகமாகிறது. காளவாயில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக் கல்லாகிறது சுவர்! ஆனால் ஈரம் அளவாக இருக்கவேண்டும். முழுக்கக் காய்ந்தால் வாயு கரைய இடமில்லை. துளைகள் நீரால் நிரம்பினால் வாயு உள்ளே போகவே திணறும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். கொத்தனார்கள் புதுப்பூச்சுக்கு வெயில் மறைப்புக் கட்டித் தண்ணீர் தெளிப்பது இதற்காகத்தான். தடித்த சுவரில் இந்த மாற்றம் உள்ளே போய்ச்சேரப் பல வருடங்கள் ஆகும். உடைத்த துண்டில் பினாப்தலீன் (காரம் பட்டால் ரோஜா நிறமாகும் சோதனைத் திரவம்) விட்டுப் பாருங்கள்: கல்லான வெளிவிளிம்பு நிறம் மாறாது, கல்லாகாத உட்பகுதி ரோஜா நிறமாகும். மயிரிழை விரிசல் விட்டால், மழைநீர் அந்த மிச்சச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து விரிசலிலேயே படியவைக்கும்.

சிமெண்டுப் பூச்சில் துளைகள் மிக நுண்ணியவை. தரையிலிருந்து செங்கல்லில் ஏறும் உப்பு ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக எளிதாக ஆவியாகும். சிமெண்டுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். அங்கே உப்புப் படிகங்கள் வளர்ந்து பூச்சை நெம்பித் தள்ளுகின்றன. கடலோர ஊர்களில் இது இன்னும் மோசம். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள்.

புதுச்சேரியில் 1855இல் எழுந்த கப்ஸ் கோயில் என்ற கிறித்தவ தேவாலயத்தின் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்ததாகச் சொல்வார்கள். நம் கொத்தனார்கள் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். எது எவ்வளவு, எந்தப் பருவத்தில் என்பது அவர்கள் கைப்பழக்கத்தில் இருக்கிறது. வயதான கொத்தனார்களைக் கூலி கொடுத்துக் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு அழைத்துவந்து அதை அளந்து எழுத, அரசு இப்போதே பணம் ஒதுக்கவேண்டும்.