மலேரியா ஊசி வந்தது உண்மைதான், தடுப்புக் குளிசையை விடாதீர்கள்

போன கிழமையும் ஒருவர். மாணிக்கக்கல் வாங்க மொசாம்பிக் போய் வந்த வெள்ளவத்தைப் பொடியன். ஐந்து நாள் காய்ச்சல், பிளேட்லெட் குறைவு. டெங்கு என்று வீட்டில் பப்பாசி இலைச்சாறு கொடுத்திருக்கிறார்கள். வெளிநாடு போனதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாக ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி. தடுப்புக் குளிசை போட்டீர்களா என்றால், "அதுதான் மலேரியாவுக்கு ஊசி வந்திட்டுதே டொக்டர்" என்கிறார். ஊசி போட்டீர்களா? அதுவும் இல்லை.

இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சரி, விளக்கமாகவே சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆர்டிஎஸ்,எஸ் ஊசியையும் 2023இல் ஆர்21 ஊசியையும் பரிந்துரைத்தது. இரண்டும் மலேரியா உள்ள நாடுகளில் வாழும் குழந்தைகளுக்கு, ஐந்து மாத வயதிலிருந்து, நான்கு தடவை போடுவது. பயணிகளுக்கானது அல்ல. ஆர்டிஎஸ்,எஸ் வேலை தொடங்கியது 1987இல். பெரிய பரிசோதனையில், நான்கு ஊசியும் போட்ட குழந்தைகளிடம் நான்கு ஆண்டுகளில் மலேரியா 36 வீதம்தான் குறைந்தது. ஆப்பிரிக்காவில் அதுவே எத்தனையோ உயிர். ஆனால் உங்களுக்குக் கவசம் ஆகாது.

மலேரியாவுக்கு ஊசி செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம்? சின்னமுத்து ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் போதும். மலேரியா பத்துமுறை வந்தவருக்கும் திரும்ப வரும். இந்தக் கிருமிக்கு ஐயாயிரத்துக்கும் மேல் மரபணுக்கள். நுளம்பு விடும் உருவம் வேறு, ஈரலில் வளர்வது வேறு, இரத்தத்தில் திரிவது வேறு. ஊசி குறிவைப்பது முதல் உருவத்தை. அது ஈரலுக்குள் நுழையக் கொஞ்ச நேரமே எடுக்கும். ஒன்று தப்பினாலும், ஒரு கிழமையில் பல்லாயிரமாக வெளியே வரும். ஊசி தந்த எதிர்ப்பும் மாதங்கள் போகப் போகத் தேய்கிறது. விவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகைக்கோ இந்த ஊசிகள் உதவாது.

குளிசையை நாரஹேன்பிட்டி மலேரியா தடை இயக்கத்தில் இலவசமாகத் தருகிறார்கள். பிறகென்ன தயக்கம்? பயணத்துக்கு முன்பே தொடங்குங்கள். திரும்பி வந்ததும் நிறுத்தாமல் சொன்ன நாள்வரை போடுங்கள்.

என் இளைய சக வைத்தியர்களுக்கும் ஒன்று: இங்கே இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில். 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. அதனால் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை. ஆனால் மலேரியா பரப்பும் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது. காய்ச்சல்காரரிடம் பயணம் பற்றிக் கேளுங்கள்.

அப்புறம் தம்பிமாரே, திரும்பி ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால், எத்தனை பாகை என்பதற்கு முன் எந்த நாட்டில் இருந்தேன் என்று சொல்லுங்கள். அன்றைக்கே இரத்தம் பார்த்துவிடலாம்.