பங்களிப்பு அல்ல, பங்கேற்பு

மார்ச் 8 நெருங்கினால் போதும், சென்னைக் கருத்தரங்க மேடைகளில் அந்த ஃபிளெக்ஸ் ஏறிவிடும்: ‘பிராந்திய அமைதி, பாதுகாப்பு முயற்சிகளில் பெண்களின் பங்களிப்பு’. மூலத்தில் ‘பார்ட்டிசிபேஷன்’ என்று இருந்திருக்கும். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிகளில் ‘விடுதலைப் போரில் பெண்களின் பங்கு’ எழுதிப் பழகிய கை, பங்கைப் பங்களிப்பாக நீட்டிவிட்டது. நீட்டியதில் பொருள் தலைகீழானதுதான் சிக்கல்.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘பகு’ அடிச்சொல். பகுதி, பங்கு, பங்காளி எல்லாம் அதிலிருந்து வந்தவை. வள்ளுவர் ‘பகுத்துண்டு’ என்றதும் இதே பகுதான். ‘அளி’ என்றால் கொடு. ‘ஏல்’ என்றால் வாங்கிக்கொள். ஔவை ‘ஏற்பது இகழ்ச்சி’ என்றது இரந்து வாங்குவதை. பதவியேற்பு, பொறுப்பேற்பு என்னும்போது அதே ஏற்பு உரிமையோடு எடுத்துக்கொள்வதாகிறது. ஆகப் பங்களிப்பவர் தம்மிடம் உள்ளதைக் கொடுக்கிறார், பங்கேற்பவர் தமக்குரியதை எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலமும் ‘பங்கை எடுத்தல்’தான்.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டாம். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு வந்தது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்: அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி அதில் 10 விழுக்காடு மாதாமாதம் பிடித்தம். பங்களிப்பு என்றால் நம் கையிலிருந்து போவது என்று சம்பளப் பட்டியலே சொல்லிவிடும். சொத்து விஷயம் நேர் எதிர். 1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பங்கு என்றது. நாடு முழுவதும் அது வர 2005 ஆயிற்று. அந்தப் பங்கை ‘மகளின் பங்களிப்பு’ என்று ஒரு பத்திர எழுத்தர் எழுதினால் பதிவு அலுவலகமே சிரிக்கும். மேடையில் எழுதினால் கைதட்டுகிறார்கள்.

ஐ.நா. பாதுகாப்பு அவை 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றிய 1325-ஆம் தீர்மானத்தையே எடுத்துக்கொள்வோம். மோதல்களைத் தடுக்கவும் கையாளவும் தீர்க்கவும் உள்ள தேசிய, பிராந்திய, பன்னாட்டு அமைப்புகளில், முடிவெடுக்கும் எல்லா மட்டங்களிலும் பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் கூட்டுமாறு அது உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. வேலை அரசுகளுக்கு. இதைப் ‘பெண்களின் பங்களிப்பை அதிகரிக்க வேண்டும்’ என்று தமிழாக்கினால் வேலை பெண்கள் தலையில் விழுகிறது. இதுவரை அவர்கள் போதுமான அளவு கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் கூடவே ஒட்டிக்கொள்கிறது.

அருகிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2002-இல் தொடங்கிய இலங்கை அமைதிப் பேச்சில் பாலின விவகாரங்களுக்கென ஒரு துணைக்குழு அமைத்தார்கள். இரு தரப்பிலிருந்தும் ஐந்தைந்து பெண்கள். முதன்மைப் பேச்சு மேசைக்கு ஆலோசனை சொல்வது அவர்கள் வேலை. 2003 மார்ச்சில் கூடினார்கள், ஏப்ரலில் பேச்சே நின்றுபோனது. அந்தப் பத்துப் பேர் தந்தது பங்களிப்பு. முடிவெடுத்த மேசையில் அவர்களுக்குக் கிடைக்காதது பங்கேற்பு. பிலிப்பைன்ஸில் 2014 மார்ச் 27 அன்று மோரோ கிளர்ச்சி அமைப்போடு செய்துகொண்ட பங்சமோரோ அமைதி உடன்பாட்டில் அரசுத் தரப்புத் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்டவர் மிரியம் கொரோனெல்-ஃபெரர். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

பங்களிப்பு தப்பான சொல்லே அல்ல, இடம்தான் தப்பு. 2007-இல் இந்தியா லைபீரியாவுக்குப் பெண்கள் மட்டுமே கொண்ட காவல் அணியை அனுப்பியது, ஐ.நா. பணியில் அப்படி ஓர் அணி அதுவே முதல். அது இந்தியாவின் பங்களிப்பு, சந்தேகமில்லை.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு, கொஞ்சம் வலுவானதும்கூட. ‘பங்கேற்பு தேய்ந்துவிட்டது, அமைச்சர் திருமணத்தில் பங்கேற்றார், ஐந்நூறு பேர் பேரணியில் பங்கேற்றனர் என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, அது வந்து போனார் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது, பங்களிப்பில் செயலாவது தெரிகிறது.’ தேய்ந்தது உண்மை. அதற்கு வந்துபோனவரைக் ‘கலந்துகொண்டார்’ என்று எழுதப் பழக வேண்டுமே தவிர, எதிர்ப்பொருள் உள்ள சொல்லைக் கொண்டுவந்து நடுவதா? ஈழத்தில் ‘பங்குபற்றல்’ என்கிறார்கள். பற்றிப் பிடிக்கிற கை கண்ணுக்குத் தெரியும் சொல். சென்னையில் மெய்ப்புத் திருத்துபவர்கள் ‘இலங்கைத் தமிழ்’ என்று அடித்துவிடுகிறார்கள். பார்ட்டிசிபேஷனை அப்படியே விட்டாலும் விடுவார்கள்.

ஐயம் வந்தால் வேற்றுமை உருபைப் பார்த்தால் போதும். பங்களிப்பு நான்காம் வேற்றுமையைக் கேட்கும்: அமைதிக்குப் பங்களிப்பு, நிதிக்குப் பங்களிப்பு. பங்கேற்பு ஏழாம் வேற்றுமையில் நிற்கும்: பேச்சில் பங்கேற்பு. ஃபிளெக்ஸில் ‘முயற்சிகளில்’ என்ற ‘இல்’ அப்படியே இருக்க, சொல் மட்டும் மாறியிருக்கிறது. ஒட்டுப் போட்ட தையல் வெளியே தெரிகிறது.

அடுத்த விபத்து ‘அர்த்தமுள்ள’. பாதுகாப்பு அவையின் பிற்காலத் தீர்மானங்களில் முழுமையான, சமமான என்பவற்றோடு வரும் ‘மீனிங்ஃபுல்’லுக்கு அகராதியைப் புரட்டி ‘அர்த்தமுள்ள’ அல்லது ‘பொருள்பொதிந்த’ என்கிறார்கள். கவிதைக்குச் சொல்ல வேண்டியது. பேசினால் முடிவு மாறும் அளவுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதே அங்கே கருத்து. ‘அந்தம்மா பேச்சு அங்கே எடுபடும்’ என்று தெருவில் சொல்கிறோமே, அதுதான். ‘முழுமையான, சமமான, சொல் எடுபடும் பங்கேற்பு’ என்று எழுதலாம்.

பிராந்தியம் வடசொல் என்று அதை மட்டும் துரத்துகிற தூய்மைவாதிகளும் இருக்கிறார்கள். ‘வட்டார அமைதி முயற்சி’ என்று அவர்கள் மாற்றியதைப் படித்தால் வட்டார வளர்ச்சி அலுவலர் வாய்க்கால் தகராறு தீர்க்கப் போவது போல இருக்கிறது. ‘மண்டலம்’ என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம், குப்பை வண்டி. தெற்காசியா அளவுக்கு விரியும் தமிழ்ச் சொல் கிடைக்கும்வரை பிராந்தியம் இருந்துவிட்டுப் போகட்டும். முதலில் பங்களிப்பைத் திருத்துங்கள்.