பத்து வயதுப் பிள்ளையின் ரேட்டிங் ஏன் எப்போதும் பழைய கணக்காகவே இருக்கிறது

தமிழ்நாட்டில் எந்த ஊரில் ஓபன் செஸ் போட்டி நடந்தாலும் இதைப் பார்க்கலாம். கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட ஹாலிலோ வரிசையாக மேசை போட்டிருப்பார்கள். 1900 ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) உள்ள ஒரு பெரியவர், பேரிங் லிஸ்டில் எதிராளிக்கு 1500தான் என்று பார்த்துவிட்டு நிம்மதியாக வந்து உட்காருவார். எதிர் நாற்காலியில், முட்டி போட்டால்தான் கடைசி வரிசைக் காய்க்குக் கை எட்டும் என்கிற உயரத்தில் ஒரு பிள்ளை. மூன்று மணி நேரம் கழித்து அந்தப் பெரியவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார்.

இதை அதிர்ச்சித் தோல்வி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ரேட்டிங் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் இதில் அதிர்ச்சிக்கு இடமே இல்லை. 1500 என்பது அந்தப் பிள்ளை சில மாதங்களுக்கு முன் இருந்த இடம். வளரும் பிள்ளைக்குப் போன தீபாவளிக்குத் தைத்த சட்டை மாதிரிதான் அந்த எண்.

இந்த முறையை வகுத்தவர் அர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியர், நல்ல செஸ் ஆட்டக்காரரும்கூட. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் இவருடைய முறையை ஏற்றுக்கொண்டது. அவருடைய யோசனை ரொம்ப எளிமையானது: ஒருவரின் பலத்தை நேரடியாக அளக்க முடியாது, ஆனால் இரண்டு பேருடைய எண்களின் வித்தியாசத்தை வைத்து யாருக்கு எவ்வளவு புள்ளி வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். இருவரும் சமம் என்றால் ஆளுக்குப் பாதி. 100 வித்தியாசம் இருந்தால் பலசாலிக்கு 100 ஆட்டத்தில் சுமார் 64 புள்ளி, 200 என்றால் 76, 400 என்றால் 92. வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

ஆட்டம் முடிந்ததும், உண்மையில் எடுத்த புள்ளியிலிருந்து எதிர்பார்த்த புள்ளியைக் கழித்து, அதை கே என்கிற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அவ்வளவுதான், அதுதான் ரேட்டிங்கில் ஏறும் அல்லது இறங்கும் அளவு. எல்லாச் சூட்சுமமும் அந்த கே-யில்தான் இருக்கிறது. கே பெரிதாக இருந்தால் ரேட்டிங் வேகமாக நகரும், சிறிதாக இருந்தால் மெதுவாக. புதிதாக வருபவருக்கு முதல் 30 ஆட்டங்கள் வரை 40. பதினெட்டு வயதுக்குள் இருந்து, 2300-க்குக் கீழே இருந்தாலும் 40தான். மற்றவர்களுக்கு 20. ஒரு தடவை 2400-ஐத் தொட்டுவிட்டால் 10, அதற்கப்புறம் கீழே இறங்கினாலும் 10தான்.

பிள்ளைகள் வேகமாக வளர்வார்கள் என்று தெரிந்துதான் அவர்களுக்கு 40 கொடுத்திருக்கிறார்கள். அது போதுமா என்று போட்டுப் பார்ப்போம். நம் 1500 பிள்ளை உண்மையில் 1900 பலத்துக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ரவுண்டு போட்டி, எதிராளிகள் எல்லோரும் 1900. பலம் சமம் என்பதால் பிள்ளை நாலரைப் புள்ளி எடுக்கும். ரேட்டிங் அட்டவணையோ அதற்கு முக்கால் புள்ளிகூட எதிர்பார்க்கவில்லை. வித்தியாசத்தை 40-ஆல் பெருக்கினால் சுமார் 150. அடுத்த மாதப் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே 1650 என்று வரும். இதே மாதிரி இரண்டாவது போட்டி ஆடினால் 1760 பக்கம். மூன்றாவது முடிந்ததும் 1830. ஆக மூன்று மாதம், மூன்று போட்டி, 27 ஆட்டம் ஆகியும் 70 புள்ளி பாக்கி நிற்கிறது.

இது அந்த மூன்று மாதமும் பிள்ளை ஒன்றுமே புதிதாகக் கற்றுக்கொள்ளாமல் இருந்தால். அப்படி எந்தப் பிள்ளையும் இருக்காது. ரேட்டிங் 1830-க்கு வந்து சேரும்போது பலம் 2000-க்குப் போயிருக்கும், துரத்தல் மறுபடியும் தொடங்கும். இதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பட்டியல் மாதம் ஒரு முறைதான் வெளிவரும், அந்த மாதத்தில் எத்தனை போட்டி ஆடினாலும் பழைய எண்ணை வைத்தே கணக்கு. கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஒரே மாதத்தில் மூன்று போட்டி ஆடிவிட்டால் எண் அளவுக்கு மீறித் தாவிவிடக் கூடாது என்பதற்காக, ஆட்டங்களின் எண்ணிக்கையையும் கே-யையும் பெருக்கினால் 700-ஐத் தாண்டாதபடி கே-யைக் குறைத்துவிடுவார்கள். 27 ஆட்டம் என்றால் 40 அல்ல, 25தான்.

சரி, பிள்ளை ஏறுகிறது, அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? பாதியளவு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரிடமிருந்துதான். 400 புள்ளி குறைந்த எதிராளியிடம் ஒரு தோல்வி, கே 20, ஒரே ஆட்டத்தில் 18 புள்ளி போய்விடும். அவர் ஆட்டம் மோசமாகவில்லை, போன வருடம் ஆடியது போலவேதான் ஆடுகிறார், ஆனாலும் வருடா வருடம் எண் இறங்குகிறது. பிள்ளைகள் நிறைய ஆடும் ஊரில் இது எல்லோரையும் சேர்த்துக் கீழே இழுக்கும். இந்தியாவில் 1700 என்று எழுதியிருப்பவரோடு ஆட வெளிநாட்டுக்காரர்கள் தயங்குவது இதனால்தான், அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. கடைசியில் ஃபிடேயே தலையிட்டது. 2024 மார்ச் மாதப் பட்டியலில் 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் பத்தில் நாலு பங்கைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1500 இருந்தவர் 1700, 1900 இருந்தவர் 1940. குறைந்தபட்ச ரேட்டிங்கையும் 1000-லிருந்து 1400-க்கு உயர்த்தினார்கள். தேவையான திருத்தம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் காரணம் அப்படியேதான் இருக்கிறது: பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் வேகம்.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? அபார மூளை, கம்ப்யூட்டர் மாதிரி கணக்குப் போடுகிறது என்றெல்லாம் சொல்வார்கள். 1940-களில் ஆட்ரியான் டி குரூட் என்ற டச்சு உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பெரிய ஆட்டக்காரர்கள் சாதாரண ஆட்டக்காரர்களைவிட அப்படி ஒன்றும் அதிக தூரம் முன்னோக்கிக் கணக்குப் போடவில்லை. வேறுபாடு வேறு இடத்தில் தெரிந்தது. ஓர் ஆட்டத்தின் நடுவில் இருக்கும் பலகையைச் சில நொடிகள் காட்டிவிட்டு மறைத்தால், மாஸ்டர்கள் இருபதுக்கு மேற்பட்ட காய்களைக் கிட்டத்தட்ட அப்படியே திரும்ப வைத்துவிட்டார்கள். 1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் இதில் ஒரு திருப்பம் செய்தார்கள். அதே காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டினார்கள். மாஸ்டரின் நினைவாற்றல் அங்கே காணாமல் போய்விட்டது, புதிதாக ஆடுபவருக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

அதாவது மாஸ்டர் காய் காயாகப் பார்ப்பதில்லை. கோட்டை கட்டிய ராஜா, அவருக்கு முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் குதிரை, இந்த ஐந்தும் அவர் கண்ணுக்கு ஒரே பொருள். ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து இப்படிப்பட்ட துண்டுகள் பல்லாயிரம் மனதில் சேர்ந்திருக்கும், ஒவ்வொரு துண்டோடும் ‘இங்கே இதைச் செய்’ என்ற குறிப்பும் ஒட்டியிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை மிஷலீன் சீ 1978-ல் வெளியிட்டது. ஒரு பக்கம் செஸ் நன்றாக ஆடும், சராசரியாகப் பத்து வயதுப் பிள்ளைகள். இன்னொரு பக்கம் செஸ்ஸில் அவ்வளவு பழக்கமில்லாத பெரியவர்கள். எண்களை வரிசையாகச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னபோது, எதிர்பார்த்தபடியே பெரியவர்கள் ஜெயித்தார்கள். பலகையைக் காட்டியபோது பிள்ளைகள் ஜெயித்தார்கள். பொதுவான நினைவாற்றலில் அந்தப் பிள்ளைகள் வயதுக்கேற்ற பிள்ளைகள்தான், செஸ்ஸில் மட்டும் அவர்களுடைய சேமிப்பு பெரியவர்களைத் தாண்டியிருந்தது. வயதை மீறியது மூளை அல்ல, பார்த்திருந்த பலகைகளின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையை ஏற்றுவதற்குத்தான் நம் காலத்தில் வசதி பெருகியிருக்கிறது. முன்பெல்லாம் பழைய ஆட்டங்களைப் படிக்க ரஷ்யப் புத்தகம் கைக்குக் கிடைக்க வேண்டும், இன்றைக்குப் பல லட்சம் ஆட்டங்கள் ஒரு லேப்டாப்புக்குள் இருக்கின்றன. விளைவு சாதனைப் பட்டியலிலேயே தெரியும். 1958-ல் பாபி ஃபிஷர் பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனது 1991 வரை முறியடிக்கப்படவில்லை, அப்புறம் ஜூடிட் போல்கர் முறியடித்தார். 2002-ல் செர்கே கர்யாகின் அதைப் பன்னிரண்டு வயது ஏழு மாதத்துக்கு இறக்கினார். 2019 ஜனவரியில் நம் குகேஷ் வெறும் 17 நாளில் அதைத் தவறவிட்டார். 2021-ல் அமெரிக்காவின் அபிமன்யு மிஸ்ரா பன்னிரண்டு வயது நாலு மாதத்தில் எட்டிவிட்டார்.

ஆனால் சேமிப்பு மட்டும் போதாது, அதைச் சரிபார்க்கக் கணக்கும் வேண்டும். குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500-ஐ நெருங்கும்வரை அவரை எஞ்சின் (செஸ் கணக்குப் போட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் நிரல்) பக்கமே விடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் எஞ்சினோடு வளரும் காலத்தில் இது துணிச்சலான முடிவு. எஞ்சின் பதிலைச் சொல்லிவிடும், ஆனால் தேடும் வேலையை நாம் செய்யாவிட்டால் அந்த நகர்த்தல் மனதில் ஒட்டாது.

இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்ததை 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகமே பார்த்தது. உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி, மீதி சிப்பாய்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், இருந்தாலும் டிராதான் ஆகும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேசினார்கள். 55-வது நகர்த்தலில் அவருடைய எதிராளி, நடப்புச் சாம்பியன் டிங் லிரென் யானைக்கு யானை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய மந்திரி பலகையின் மூலையில், எட்டாவது வரிசையின் முதல் கட்டத்தில் இருந்தது. மூலையில் இருக்கும் மந்திரிக்குப் போக ஒரே ஒரு கோணக்கோடுதான். யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை அதே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினால், டிங்கின் மந்திரி தப்பிக்க இடமே இல்லை, மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். மாற்றிக்கொண்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாயும், அங்கே அந்த ஒரு சிப்பாய் போதும். வேறொரு நகர்த்தல் ஆடப் போனதாகவும் பிறகுதான் இது கண்ணில் பட்டதாகவும் குகேஷே சொன்னார். ‘இந்த ராஜா-சிப்பாய் முடிவு வெற்றி’ என்பது அவருக்குப் பழகிய துண்டு, அதற்குப் போய்ச் சேரும் வழியைத்தான் பலகையில் கணக்குப் போட வேண்டியிருந்தது. மூன்று நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். அதற்கு முன் காஸ்பரோவ் 1985-ல் 22 வயதில் ஆனதுதான் சாதனை.

மேலே போகப் போக ரேட்டிங் இன்னும் பின்தங்கும். 2400-க்கு மேல் கே 10 என்பதால், அதே நல்ல ஆட்டத்துக்கு முன்பு கிடைத்ததில் கால் பங்குதான் கிடைக்கும். அதோடு கொரோனா காலம் வந்தது. பலகைப் போட்டிகள் நின்றன, ரேட்டிங் அப்படியே உறைந்துவிட்டது, பிள்ளைகளோ வீட்டில் உட்கார்ந்து ராத்திரி பகலாக ஆன்லைனில் ஆடினார்கள். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் குகேஷ் முதல் போர்டில் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை ஜெயித்தபோது, அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானாவும் அதில் வீழ்ந்தபோது, பட்டியலில் இருந்த எண்ணை அவர் எவ்வளவு தாண்டியிருந்தார் என்பது தெரிந்துபோனது.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங் மட்டும் போதாது, மூன்று நார்ம், அதாவது ஒரு போட்டியில் எட்ட வேண்டிய தகுதி அளவு, வேண்டும். ஒரு நார்முக்கு ஒன்பது ஆட்டமாவது ஆடி, 2600 அளவுக்கு ஆட்டம் காட்ட வேண்டும். எதிராளிகளில் மூன்றில் ஒரு பங்காவது கிராண்ட்மாஸ்டர்கள் இருக்க வேண்டும், பல நாட்டுக்காரர்களும் இருக்க வேண்டும். இந்தக் கூட்டம் உள்ளூரில் சேராவிட்டால் பிள்ளையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு புடாபெஸ்டுக்கோ ஸ்பெயினுக்கோ போக வேண்டியதுதான். மிஸ்ரா அந்தக் கடைசி மாதங்களைப் புடாபெஸ்டிலேயே கழித்தார். டிக்கெட், ஹோட்டல், கூட வரும் அப்பா அம்மாவின் விடுப்பு, எல்லாம் குடும்பத்தின் பணம். திறமை இருந்தும் இந்த இடத்தில் நின்றுபோகும் பிள்ளைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை, ஏனென்றால் இதற்குத் தீர்வு கணிதத்தில் இல்லை, போட்டி நடத்துவதில் இருக்கிறது. 2023 டிசம்பரில் சென்னையில் எட்டுப் பேர் ஆடிய ஏழு ரவுண்டு கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. அதில் ஜெயித்து எடுத்த புள்ளிகளால்தான் குகேஷுக்கு, உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் டொரண்டோ கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம் கிடைத்தது, அங்கே ஜெயித்துத்தான் சிங்கப்பூரில் டிங்கின் எதிரே உட்கார்ந்தார்.